முதலாம் இடம்: ஒரு மாணவி

போன ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு வெள்ளவத்தையில் கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்த சந்தோஷம் அடங்குவதற்குள், பக்கத்தில் இருந்த கோட்டுப் போட்ட பெரியவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிதானே கிழமைக்குக் கிழமை பேப்பரில எழுதுறது?"

"ஓம் ஐயா."

இந்தக் கேள்வி வந்தால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்று, போன கிழமை நான் எழுதியது பிழை என்பார்கள். அல்லது, கோட்டுப் பைக்குள் கை போகும்.

கை போனது.

நீளமான உறை. உள்ளே அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடத்துச் செய்திகள். பரிசளிப்பு விழா, ஓட்டப் போட்டி, பரீட்சை முடிவு... கூடவே ஒரு படம். ஸ்டூடியோக்காரன் வைத்த பூச்சாடிக்குப் பக்கத்தில், மூச்சுவிட மறந்தவள்போல் நிற்கும் ஒரு பெண்பிள்ளை.

"என்ர கடைசி மகள். எஸ்.எஸ்.சி. பாஸ். படம் கட்டாயம் வரவேணும். சினிமா விளம்பரத்துக்குப் பக்கத்தில மட்டும் போட்டுடாதேங்கோ!"

"பாப்பம் ஐயா..."

"பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ தம்பி. போன மாசம் வேறொரு ஊர்ப் பெட்டையின்ர படம் வந்தது. புள்ளியைப் பாத்தால் இவள்தான் கூட!"

பம்பலப்பிட்டி போனது. கொள்ளுப்பிட்டி போனது. அவர் கதை மட்டும் முடியவில்லை. கோட்டையில் இறங்கி, உறையைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் தனியாகச் சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

ஏன் சிரித்தேன்? இதே கொழும்பில், ஒரு பெண்பிள்ளையின் பெயரைப் பத்திரிகையிலிருந்து எடுக்கச் சொல்லி, மூச்சிரைக்க ஓடியவன் நான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி. நான் கொழும்புக்கு வந்த புதிது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் எழுத்து வேலை. கொட்டாஞ்சேனையில் ஊர்ப் பெடியன்களோடு சேர்ந்து ஒரு அறை. என் தகப்பன், எங்கள் அப்பு, மாட்டு வண்டில்காரர். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்த ஒரே தகுதிக்காக, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் எனக்கு ஒரு பதவி தந்திருந்தார். பள்ளிக்கூடத்தின் கொழும்புப் பிரதிநிதி! சம்பளம் கிடையாது. கௌரவம் மட்டும்.

ஒவ்வொரு தவணை முடிவிலும் மெயில் ரயிலில் வருகிற யாராவது ஒருவர் கையில், காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் பொட்டலத்தோடு பள்ளிக்கூடச் செய்திகளும் வந்து சேரும். நான் அதைப் பத்திரிகைக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இடம் இருந்தால் போடுவார்கள்.

என்ன செய்திகள்! 'எமது பாடசாலைக் கிணற்றுக்குப் புதிய துலா இடப்பட்டது.' 'தோட்டப் போட்டியில் எமது கத்தரிக்காய்கள் பரிசோதகரால் பெரிதும் வியக்கப்பட்டன.' 'நீளம் பாய்தலில் செல்வன் இன்னார் மணற்குழியையே கடந்து விழுந்து, சிறு காயத்துடன் முதற் பரிசு பெற்றார்.'

சிரிக்காதீர்கள். அந்தக் கத்தரிக்காய்ச் செய்தியில் ஒரு வருஷம் என் பெயரும் வந்திருக்கிறது. நான் படிக்கிற காலத்தில். அப்பு என்னைக் கூப்பிட்டு, "எந்த இடத்தில இருக்கு, தொட்டுக் காட்டு" என்றார். தொட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம், வண்டிலை மறித்து மறித்து, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் அந்தத் துண்டைக் காட்டினாராம். பாதி நேரம் தலைகீழாக.

அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்திலிருந்து, அந்த வருஷம் ஒரு பெரிய செய்தி வந்தது. எஸ்.எஸ்.சி. பரீட்சையில் முதன்முறையாக மூன்று பேர் சித்தி! இரண்டாவதும் மூன்றாவதும் பெடியன்கள். முதலாவது... செல்வி பரமேஸ்வரி சின்னத்தம்பி.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள். நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் சரி. தலைமை ஆசிரியர் குடையும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குவார். "அடுத்த வருஷம் பாப்பம் வாத்தியார்" என்று அனுப்பிவிடுவார்கள். பரமேஸ்வரியின் தாய் ஒருத்திதான் மகளை மேலே படிக்க விட்டவர். பெடியன்கள் நிறைந்த வகுப்பில், தையல் ஆசிரியையின் கதிரைக்குப் பக்கத்தில் தனி வாங்குப் பலகை போட்டு அவள் படித்தாள். இனி ஆசிரிய கலாசாலைக்குப் போக வேண்டும். இடம் கிடைக்கும். தகப்பனின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தகப்பன் எங்கே இருந்தார்? எங்கள் அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில்!

சின்னத்தம்பி அண்ணைக்குக் கொட்டாஞ்சேனையில் சுருட்டுக்கடை. வருஷத்தில் இரண்டு முறை ஊருக்குப் போவார். மற்ற நாளெல்லாம் கடையும் அவரும்தான். புகையிலை மணம், ஒரு பக்கத்தில் சுருட்டுக் கட்டுகள், மறுபக்கத்தில் சுற்றிக் கொடுப்பதற்கு அடுக்கி வைத்த பழைய பத்திரிகைகள், வாசலில் சுருட்டுப் பற்றவைக்க, நெருப்புக் கனன்றுகொண்டு தொங்கும் கயிறு. ஞாயிறு காலையில் அந்தக் கடைதான் எங்களுக்கு வாசிகசாலை. ஒருவர் பத்திரிகையைப் பலமாக வாசிப்பார். மற்றவர்கள் புகைவிட்டபடி கேட்பார்கள். நடுநடுவே உலக யுத்தம் வருமா வராதா என்று தீர்ப்பும் சொல்வார்கள்.

செய்தியைப் பத்திரிகைக் கந்தோரில் கொடுத்துவிட்டு நேரே அந்தக் கடைக்குப் போனேன்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாறவைக்கு ஒரு வாழைப்பழக் குலை வாங்கித் தூக்குங்கோ!"

"ஏன்ரா தம்பி, உனக்குக் கலியாணமோ?"

"பரமேஸ்வரியின்ர பேர் பேப்பரில வருகுது!"

மகள் சித்தியடைந்தது அவருக்கு முன்பே தெரியும். ஜிந்துப்பிட்டிக் கோயிலில் சத்தமில்லாமல் ஓர் அருச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். கண்ணூறு பட்டுவிடும் என்று யாருக்கும் வாய் திறக்கவில்லை. ஆனால் பத்திரிகை என்றதும் சுருட்டுக் கட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சொன்னனீ?"

"பேர்... பேப்பரில..."

"ஆர் போடச் சொன்னது?"

"பெரிய வாத்தியார்தான் எழுதி அனுப்பினவர்."

"அவருக்கு விசர். உனக்கும் விசரோ?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"தம்பி, பேப்பரில பொம்பிளையின்ர பேர் எப்ப வரும், சொல்லு பாப்பம்? ஒண்டு, கோடு கச்சேரி வழக்கு. இல்லாட்டி மரண அறிவித்தல். இதில என்ர பிள்ளை எது?"

"அண்ணை, இது பாஸ் பண்ணின செய்தி. பெருமைதானே?"

"ஆருக்குப் பெருமை? உங்கட பள்ளிக்கூடத்துக்கு! நாளைக்கு ஒருத்தன் பொம்பிளை பாக்க வந்து, 'பேப்பரில அடிபட்ட பேரெல்லோ' எண்டால் உன்ர வாத்தியாரோ வந்து மறுமொழி சொல்லுவார்? அதை விடு. இந்தா பார்." பழைய பத்திரிகை அடுக்கில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "ஞாயிற்றுக்கிழமை வாற பேப்பர் திங்கக்கிழமை இதுக்குள்ள வந்திடும். நானே அதைக் கிழிச்சுச் சுருட்டுச் சுத்திக் குடுக்கவேணும். என்ர பிள்ளையின்ர பேரைக் கண்டவன் நிண்டவன் எல்லாம் மடியில செருகிக்கொண்டு போறதோ?"

அடி விழுந்ததில் சரிந்த பத்திரிகைகளை நான் அடுக்கிக் கொடுத்தேன்.

"கேள். பேர் வந்தால் கலாசாலையும் இல்லை, ஒண்டும் இல்லை. கையெழுத்து வைக்கமாட்டன். பிள்ளை வீட்டிலதான். போய் எடுப்பி!"

சொன்னால் செய்கிற மனிதர். வாத்தியார் வெயிலில் அலைந்து அலைந்து உண்டாக்கிய ஒரே ஒரு பிள்ளை. என் கையால் கொடுத்த ஒரு காகிதத்தால் அவள் படிப்பு நின்றுபோகப் பார்க்கிறது!

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்திரிகைக் கந்தோருக்கு ஓடினேன். ஊர்ச் செய்திகளுக்குப் பொறுப்பான துணை ஆசிரியர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேரைப் போடச் சொல்லிக் கெஞ்சுறவையை நாள் தவறாமல் பாக்கிறன். எடுக்கச் சொல்லிக் கெஞ்சுற முதல் ஆள் நீர்தான் ஐசே!"

"தகப்பன் பிள்ளையை மறிச்சுப்போடுவார் ஐயா..."

"அப்ப முழுச் செய்தியையும் எடுக்கட்டே?"

மற்ற இரண்டு பெடியன்கள்? அவர்கள் வீட்டில் காத்திருப்பார்களே! பள்ளிக்கூடமே காத்திருக்குமே!

"வேண்டாம் ஐயா. பேரை மட்டும்..."

என்னை அச்சுக்கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். செய்தி ஏற்கனவே ஈய எழுத்துகளில் கோத்து வைக்கப்பட்டிருந்தது. எழுத்துக் கோர்ப்பவர் ஊசிபோன்ற ஒன்றால் அவள் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். எழுத்துப் பெட்டியில் 'ப' தன் அறைக்குப் போனது. 'ர' தன் அறைக்குப் போனது. அந்த இடத்தில் 'ஒரு மாணவி' வந்து உட்கார்ந்தாள்.

கலாசாலை தப்பியது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் திரும்பி நடக்கும்போது, யாரையோ கைப்பிடித்து வெளியே விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடையில் வழக்கமான கூட்டம். மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகச் சவிரிமுத்து அண்ணன் வந்தார். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்; கப்பல்காரர்களோடு கத்திக் கத்திப் பழகிய குரல். ஆகையால் வாசிக்கும் பொறுப்பு அவருடையது. பக்கத்துக் கடைத் தையற்காரர் ஹமீது நானா, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் புதிதாக ஒருவரும் வந்திருந்தார். புறக்கோட்டை வெங்காயக் கடைக் கணபதிப்பிள்ளை. எங்கள் பக்கத்து ஊர். அவருடைய மகன் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான்; எப்போதாவது ஊருக்குப் போகிற தகப்பனுக்கு வகுப்பில் யார் யார் என்பது தெரியாது.

இங்கிலாந்து, ஜெர்மனி, தேயிலை விலை எல்லாம் முடிந்து ஊர்ச் செய்தி வந்தது.

"'எஸ்.எஸ்.சி. பரீட்சையில் எமது பாடசாலையிலிருந்து மூவர் சித்தியடைந்துள்ளனர். முதலாம் இடத்தை ஒரு மாணவியும், இரண்டாம் இடத்தைச் செல்வன் இராசரத்தினம் கணபதிப்பிள்ளையும்...'"

"நிப்பாட்டு! நிப்பாட்டு! அதைத் திருப்பி வாசி!"

திருப்பி வாசித்தார். கணபதிப்பிள்ளைக்குப் போதவில்லை. மூன்றாம் முறையும் வாசித்தார்.

"என்ர பெடியன்! சின்னத்தம்பி அண்ணை, இருக்கிற எல்லாருக்கும் ஒவ்வொரு சுருட்டுக் குடுங்கோ. நல்ல கறுப்புச் சுருட்டாப் பாத்து. சல்லி நான் தாறன்!"

சின்னத்தம்பி அண்ணை கொடுத்தார். மேசைக்குப் பின்னால் இருந்தபடியே, நீட்டிய ஒவ்வொரு கையிலும், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், தானே எடுத்துக் கொடுத்தார். முதலாவது வந்த பிள்ளையின் தகப்பன், இரண்டாவது வந்த பிள்ளைக்காகச் சுருட்டு வழங்கிக்கொண்டிருந்தார்! எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

ஹமீது நானா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "அது சரி, மொதலாவது வந்த புள்ள யாரு? பேரக் காணல்லியே?"

சவிரிமுத்து அண்ணன் மறுபடி பார்த்தார். "ஒரு மாணவி. அவ்வளவுதான் போட்டிருக்கு."

"பேரில்லாத புள்ளையும் ஒன்டு ஈக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கணபதிப்பிள்ளை காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்லுறன் கேளுங்கோ. எங்கட பக்கத்தில பெட்டையள் எங்க எஸ்.எஸ்.சி. படிக்குதுகள்? பெட்டையளும் படிக்கினம் எண்டு பரிசோதகருக்குக் காட்ட, வாத்தியார் சும்மா எழுதிவிட்டிருக்கிறார். அப்பிடி ஒரு பிள்ளையே இல்லை! இருந்தால் பேர் எங்க? அப்ப உண்மையில ஆர் முதலாவது? என்ர மகன்!"

"அப்ப மொதலாவதுக்கு இன்னொரு சுருட்டு வரணுமே!" என்றார் நானா.

"குடுங்கோ அண்ணை, இன்னொரு சுத்து!"

சின்னத்தம்பி அண்ணை கொடுக்கவில்லை.

"ஆர் இல்லை எண்டது?" என்றார். மெதுவாகத்தான்.

"என்ன அண்ணை?"

"ஆரடா இல்லை எண்டது?"

மேசைக்குப் பின்னாலிருந்து அவர் வெளியே வந்து நான் அதுவரை கண்டதில்லை. வந்தார். வேட்டியில் புகையிலைத் தூள். நடுக்கடையில் நின்றார்.

"பரமேஸ்வரி! சின்னத்தம்பியின்ர மகள் பரமேஸ்வரி! என்ர பிள்ளை! கணக்கில விசேஷ சித்தி! உன்ர பெடியன் அவளுக்குப் பின்னால வந்தவன். விளங்குதோ? பின்னால!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். கண்டவன் நின்றவன் எல்லாம் கேட்கட்டும் என்பதுபோல் இன்னொரு தடவை சொன்னார். "பரமேஸ்வரி!"

முதலில் வாய் திறந்தவர் ஹமீது நானாதான். "மாஷா அல்லாஹ்! அப்ப இவ்வளவு நேரமும் அவருட மகனுக்குச் சுருட்டுக் குடுத்தது எதுக்கு ஓய்?"

கடை அதிர்ந்தது. கணபதிப்பிள்ளையும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். எழுந்து வந்து சின்னத்தம்பி அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அட, உன்ர மகளோ! பிறகேனப்பா பேரைப் போடேல்லை?" என்று கேட்டார்.

எல்லோரும் சின்னத்தம்பி அண்ணையைப் பார்த்தார்கள். சின்னத்தம்பி அண்ணை என்னைப் பார்த்தார்.

"அதுதானே! ஏன் தம்பி பேரைப் போடேல்லை?"

"அண்ணை... நீங்கள்தானே..."

"நான் ஆயிரம் சொல்லுவன்! படிச்ச பெடியன், உனக்கெங்க போச்சுப் புத்தி?"

"என்ன தம்பி, இப்படிச் செஞ்சிட்டியே" என்று சவிரிமுத்து அண்ணனும் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நீதி, நியாயம் எல்லாம் எங்கே போய்க் கேட்பது?

மறுநாள் சின்னத்தம்பி அண்ணை கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பத்திரிகைக் கந்தோருக்கு வந்தார். துணை ஆசிரியர் மறுபடியும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்தே விட்டார். அடுத்த கிழமை வந்தது: 'சென்ற வாரம் "ஒரு மாணவி" எனக் குறிப்பிடப்பட்டவர் செல்வி பரமேஸ்வரி சின்னத்தம்பி என அறிக.' கூடவே கொட்டாஞ்சேனைச் சுருட்டுக்கடையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சேர்க்க முடியுமா என்று அண்ணை கேட்டுப் பார்த்தார். "அது விளம்பரம் ஐயா. கீழ்மாடிக்குப் போங்கோ" என்றுவிட்டார்கள்.

கந்தோருக்கு வந்த அன்றைக்கே கலாசாலைப் படிவத்தில் அண்ணை கையெழுத்தும் வைத்தார். கலாசாலைக்கு மகளைத் தானே கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

நான் எத்தனை நியாயம் சொல்லிப் பார்த்தேன்! ஒன்றும் ஏறவில்லை. 'அப்படி ஒரு பிள்ளையே இல்லை' என்று ஒருவன் சொன்னதும் எல்லாம் மாறிவிட்டது. பெயர் வெளியே போனால் மானம் போய்விடும் என்று பயந்த மனிதருக்கு, பெயர் இல்லாவிட்டால் பிள்ளையே இல்லாமற் போய்விடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. நம்மில் எத்தனை பேர் இப்படி? அன்பை வீட்டுக்குள் பூட்டி வைத்திருப்போம். யாராவது வந்து கதவை உதைத்தால்தான் வெளியே எடுப்போம்.

இப்போது அந்தக் கடை இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் கொட்டாஞ்சேனை பாதி காலியானபோது அண்ணை ஊரோடு போய்விட்டார். சவிரிமுத்து அண்ணன் எங்கே என்று தெரியவில்லை. நான் வெள்ளவத்தையில் கடற்காற்று வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பத்திரிகை வாசிக்கிறேன். எழுத்தெல்லாம் விளங்குகிறது. அந்தப் புகையும் கூச்சலும் இல்லாமல் ஏனோ செய்தி மட்டும் முழுசாக ஏறுவதில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, கலாசாலையிலிருந்து வந்திருந்த பரமேஸ்வரியைப் பள்ளிக்கூட வாசலில் கண்டேன். கந்தோருக்கு ஓடியது, எழுத்தை நெம்பி எடுத்தது, அவள் அப்புவின் கூத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி. வாத்தியார், தகப்பன், நான்... மூன்று ஆண்கள் அந்தப் பெயரைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றோம். உனக்குப் பெயர் வர விருப்பமா என்று அவளிடம் யார் கேட்டது?

"இப்பவாவது கேக்கிறன் தங்கச்சி. பெரிய வாத்தியார் உன்னைக் கேளாமலோ பேரைப் போட்டவர்?"

"பெரிய வாத்தியாரோ? அவர் பயந்தவர் அண்ணை. 'உன்ர அப்பு கோவிப்பார், விடுவம் பிள்ளை' எண்டுதான் சொன்னவர். போடத்தான் வேணும் எண்டு நிண்டது நான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பு கையெழுத்து வைக்காமல் விட்டிருந்தால்?"

"பயமாத்தான் இருந்தது." சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனால் எனக்குப் பின்னால ரெண்டு பெட்டையள் அஞ்சாம் வகுப்பில படிக்குதுகள் அண்ணை. அதுகளை மறிக்க வாற நேரம், வாத்தியார் எடுத்துக் காட்ட ஒரு பேர் வேண்டாமே?"

இன்று அவள் வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அங்கிருந்தும் எனக்குத் தவறாமல் செய்திகள் வருகின்றன. எந்தப் போட்டியானாலும், எந்தப் பரீட்சையானாலும், பெண்பிள்ளைகளின் பெயர்கள்தான் மேலே இருக்கின்றன. கேட்டால், அகர வரிசைப்படி எழுதினேன் என்கிறாள்... எனக்கும் அகர வரிசை தெரியும் என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை!